தீபம் ஏத்துற ஊருக்கு ஒரு டிக்கெட்

அம்மா,

காலையில் மருந்துக் கடையில் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு பொட்டலம் வாங்கினேன். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து இடது காது அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வேங்கிக்காலில் உன் வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தேன். அது காதுக்குப் போகவில்லை. கை தன்னாலேயே வாய்க்குப் போனது. கன்னத்தின் உட்புறம் பஞ்சு பட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலேஜுக்குப் போகிற பையனைப் பெற்றவள், சமையலறையில் வாயில் குச்சியோடு நின்று தேம்பிக்கொண்டிருக்கிறேன். நீ பார்த்திருந்தால், "இன்னாடி இது கூத்து" என்று தலையில் ஒரு தட்டு தட்டியிருப்பாய்.

நாளைக்கு உன் தலைத் திதி. அதற்காகத்தான் வந்திருக்கிறேன். சித்தப்பா மகன் எல்லா ஏற்பாட்டையும் பார்த்துக்கொள்கிறான், எனக்கு ஒரு வேலையும் இல்லை. மொட்டை மாடியில் உன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிரே மலை. நீ பேர் சொல்லாத மலை.

உனக்கு இந்த ஊரில் குடும்பம் நடத்தியதே பெரிய சோதனைதான் அம்மா. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கீழ்பென்னாத்தூரில் உன் அம்மா சொல்லி அனுப்பினாள். சரி, அது அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் உனக்கு வாய்த்தவர் பேர் அண்ணாமலை. வாக்கப்பட்டு வந்த ஊர் திருவண்ணாமலை. சாமி பேர் அதே, மலை பேர் அதே, ஊர்ப் பேரிலும் அதே. கடைப் பலகை பாதியில் அந்தப் பேர்தான். ஊர் முழுக்க உன் புருஷன் பேரை எழுதி வைத்துக்கொண்டு, நீ மட்டும் வாயைத் திறக்காமல் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டாய்.

மெட்ராஸில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று நடந்தது நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். கண்டக்டர் வந்து, "எங்கம்மா போவணும்?" என்றார். "மலைக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு அரை" என்றாய். "எந்த மலைம்மா? மருதமலையா, பழனிமலையா?" என்று அவர் வேண்டுமென்றே கேட்டார். நீ கொஞ்சம்கூட அசரவில்லை. "தீபம் ஏத்துற ஊருக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றாய். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போனது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அரசு பஸ் ஓட்டிக் களைத்து வந்திருந்த மனுஷன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். "நானே ஓட்டுற வண்டியில ஏறினாலும் இதான் சொல்லுவா போல" என்றார்.

தீபத்தன்றைக்கும் அப்படித்தான். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தும். நீ கையைக் கூப்பி, கண்ணில் நீர் வழிய, முதல் பாதி முடியும் வரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பாய். பிறகு "அரோகரா" மட்டும் உன்னிடமிருந்து வரும். அதையும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வாய். முழுங்கிய பாதிக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி இருக்கும்.

அப்பா ரிட்டயராகி, இங்கே வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டி, இரண்டு வருஷம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. மாரடைப்பு. அதற்கப்புறம் நீ தனி. நான் ஒரே மகள், உலகத்தின் அந்தக் கோடியில். "வந்துடும்மா" என்று நான் கேட்காத வாரமில்லை. நீ பிடி கொடுக்கவே மாட்டாய்.

"செங்கம் ரோட்டுல போயிப் பாரு. உங்க ஊர் வெள்ளைக்காரங்கள்லாம் அங்கேர்ந்து கெளம்பி வந்து, இங்க ரூம் எடுத்து, இந்த மலையப் பாத்துக்கினு உக்காந்திருக்காங்க. நீ இன்னாடான்னா இங்க இருக்கறவள அங்க கூப்புடற. உனக்கு எங்கியாச்சும் புத்தி இருக்குதா?"

அடுத்த வாரமும் நான் அதையே கேட்பேன்.

பிறகு நீ பாத்ரூமில் வழுக்கி விழுந்தாய். பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா துணி காயப் போட மாடிக்கு வந்ததால் உன் குரல் கேட்டது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. எலும்பு முறியவில்லை, ஆனால் அன்றைக்குப் போனில் உன் குரல் முறிந்திருந்தது. "சரிடி, வரேன். எனக்கும் பயமா இருக்குது. இருக்கற கொஞ்ச நாளு உங்கூடவே இருந்துட்டுப் போறேன்" என்றாய். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் இருக்கிற நாட்டுக்கே குடிமகளாகி இருந்ததால் பெற்றவளை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட முடிந்தது. போட்டேன். காத்திருந்தோம். கடைசியில் பம்பாய் தூதரகத்திலிருந்து குடியேற்ற விசாவுக்கு நேர்காணல் தேதி வந்தது. லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

நீ முதன்முதலாக விமானம் ஏறியது அப்போதுதான். ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, நம்ம மலை தெரியுமா?" என்று கேட்டாய். லாட்ஜ் அறையில் உன்னை உட்கார வைத்து நேர்காணலுக்குப் பயிற்சி கொடுத்தேன். பொண்ணு என்ன வேலை பார்க்கிறாள், எந்த ஊரில் இருக்கிறாள், பேரன் என்ன படிக்கிறான், எதற்காகப் போகிறீர்கள். எல்லாவற்றுக்கும் பட் பட்டென்று பதில் சொன்னாய். அப்பா பேரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஒரு கேள்வியா என்ன? நம் வீட்டில் உன்னிடம் யாருமே கேட்காத கேள்வி அது ஒன்றுதான்.

விண்ணப்பம் போட்டவள் என்றாலும் என்னை உள்ளே விடவில்லை. வாசலில் பையை என்னிடம் கொடுத்தாய். கோயில் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பூசி, நீயும் பூசிக்கொண்டு, காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் போனாய். எதிர்ப் பக்கம் வெயிலில் நின்றேன். எல்லார் வீட்டு ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, கிடைத்ததா இல்லையா என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டிருந்தோம். உன் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ பயந்து போயிருக்கவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு வந்தாய். கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

"எல்லாம் நல்லாத்தான்டி போச்சு. கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு வெள்ளைக்காரப் பையன், சிரிச்ச மொகம். பக்கத்துல தமிழ் பேசற பொண்ணு. கையத் தூக்கிச் சத்தியம் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். பொண்ணு பேரு கேட்டாங்க. கலைச்செல்வின்னேன். முழுப் பேரு சொல்லுங்கன்னாங்க. அதாங்க முழுப் பேருன்னுட்டேன்."

என் பாஸ்போர்ட்டில் பேருக்குப் பின்னால் அப்பா பேர் இருக்கிறது. அங்கே ஆபீஸில் என்னை மிஸ் அண்ணாமலை என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன்னால் என் பேரைக்கூட முழுசாகச் சொல்ல முடியாது என்பது எனக்கு அந்த ரோட்டில்தான் உறைத்தது.

"அப்புறம் அவங்க பேரக் கேட்டுட்டாங்கடி."

"எவங்க பேரை?"

"அதான்... உங்கப்பா."

"சொன்னியா?"

"எப்டிடி சொல்றது? நம்ம ஊரா இருந்தா மலையக் கைகாட்டிடலாம். அந்த ஊர்ல ஏது மலை? எங்க ஊர் சாமி பேருதாங்கன்னேன். எந்த ஊரும்மான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. தீபம் ஏத்துற ஊருன்னேன். அதுக்கு ஊரு தெரியும் போல. 'ஓ, அருணாசலமா?'ன்னுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"தலையாட்டிட்டேன்."

"அம்மா!"

"சாமி பேரச் சொல்லி இதுவான்னு கேட்டா, இல்லைன்னு எப்டிடி சொல்லுவேன்? வாய் அழுவிப் போவாதா? அவரும் இவரும் ஒண்ணுதானே?"

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றுதான் அம்மா. அருணாசலம் என்றாலும் அண்ணாமலை என்றாலும் கோயிலில் இருப்பவர் ஒருவர்தான். அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? அவன் கையில் இருந்த காகிதம் அத்தனையிலும் அண்ணாமலை என்று இருக்கிறது. எதிரில் நிற்கிற அம்மா, அருணாசலம் என்றதும் சத்தியம் செய்த கையோடு தலையாட்டுகிறாள். எழுதிக் காட்டச் சொன்னானாம். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத வராது என்று சொல்லிவிட்டாய். அது உண்மைதான், கண்ணாடி என் தோளில் தொங்கிய பையில் கிடந்தது. நான் உன் அம்மா வீட்டில் பிறந்தவள், பிறப்பைப் பதியாமல் விட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் சான்றிதழ் வாங்கினோம். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறான். புருஷன் பேர் தெரியாதவள் இந்தப் பெண்ணைப் பெற்றவள்தானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. உன் கையில் கொடுத்த தாளில், உறவை நிரூபிக்க டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாம், முடிவு வந்ததும் மறுபடி நேர்காணல் என்று போட்டிருந்தது.

ரோடு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். என் கோபம்தான் உனக்குத் தெரியுமே.

"கத்தாதடி, தமிழ்க்காரங்க யாராச்சும் நிக்கப் போறாங்க" என்றாய்.

டாக்ஸியில் ஏறிய பிறகும் எனக்கு ஆறவில்லை. "அப்பா போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே யார் ஆயுசும்மா குறையப் போவுது? யாருக்காக இந்தப் புடிவாதம்?" என்றேன்.

நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். கடல் தெரிந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாய்.

"சொல்லாத வரைக்கும் எங்கியோ டூட்டிக்குப் போயிருக்காருன்னு இருக்குதுடி. சொல்லிட்டா, இல்லைன்னு ஆயிடும்."

உன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் திரும்பிப் போனேன். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, அங்கே ஒரு கிளினிக்கில் என் வாயில் பஞ்சுக் குச்சி விட்டு எச்சில் எடுத்தார்கள். உனக்குச் சென்னையில். துணைக்கு பாத்திமா அக்கா வந்தாள். அன்று மாலை வீடியோவில் நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"பத்து மாசம் வயித்துல இருந்தவளுக்கு ஒரு பஞ்சுக் குச்சி வந்து சாட்சி சொல்லணுமா? என் வாய் சொன்னா நம்ப மாட்டாங்களாம், வாயில ஊர்ற எச்சி சொன்னா நம்புவாங்களாம். நல்ல நாயம்டி உங்க ஊரு நாயம்!"

பாத்திமா அக்கா பின்னால் நின்று சிரித்தாள். "அந்த நர்சம்மாவையே ஒரு புடி புடிச்சுட்டாங்க பாப்பா" என்றாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீ என் அம்மா இல்லையோ என்று உலகத்தில் ஒருத்தன் நினைத்துவிட்டான் என்பதை உன்னால் தாங்க முடியவில்லை. அதற்கு அப்புறம் பேசும்போதெல்லாம், நான் சின்ன வயதில் எப்படி இருந்தேன், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவேன், மல்லாட்டைக் கடலை தின்று எப்போது வயிற்றால் போனது என்று நான் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தாய். என்னிடம் எதற்கம்மா சாட்சி சொன்னாய்? நான் எப்போது சந்தேகப்பட்டேன்?

முடிவு வர இழுத்துக்கொண்டே போனது. அந்தக் காகிதம் இங்கே போகவேண்டும், இந்தக் காகிதம் அங்கே வரவேண்டும் என்றார்கள். மாதங்கள் ஓடின. உனக்காக ஒதுக்கிய அறையில் ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தேன். உன் பேரன் தூரத்தில் தெரிகிற ஒரு சின்னக் குன்றைக் காட்டி, "பாட்டிக்கு இது போதுமா?" என்று கேட்டான்.

ஒரு நாள் காலை, ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தும்போது உன்னிடமிருந்து குரல் செய்தி வந்தது. இங்கே சாயங்காலமாக இருந்திருக்கும். கேட்டேன். காருக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். "கில்லாடிம்மா நீ" என்று பதில் போட்டேன். அதற்கு நீ ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாய்.

அடுத்த வாரம் ஒரு காலையில், பால் பாக்கெட் எடுக்காமல் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்து பாத்திமா அக்கா கதவைத் தட்டினாள். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார் டாக்டர். நான் வந்து சேர்ந்தபோது உன்னை ஐஸ் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ. தொட முடியாமல் நின்றேன்.

பரிசோதனை முடிவு உன் கருமாதி அன்றைக்கு வந்தது அம்மா. ஈரத் துணியோடு எல்லாரும் திரும்பி வந்து, இலை போடுகிற நேரம். போனில் மின்னஞ்சல் மணி அடித்தது. நீ என்னைப் பெற்ற தாய் என்பதில் ஐயமில்லை என்று எழுதியிருந்தது. என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாத்திமா அக்காவிடம் படித்துக் காட்டினேன். "இத அவங்களுக்கு யாரு பாப்பா சொல்றது?" என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்று சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நேர்காணலுக்காக நீ பழகிக்கொண்டிருந்தாயாம். தினமும் சாயங்காலம் இந்த மொட்டை மாடிக்கு வந்து, மலையைப் பார்த்து நின்றுகொண்டு அப்பா பேரைச் சொல்லிப் பார்த்தாயாம்.

"மொதல்ல வாயே தொறக்கல பாப்பா. தொண்டை வரைக்கும் வந்துட்டு நின்னுடும். நான் இந்தாண்ட துணி மடிச்சிக்கினே பாத்துக்கினு இருப்பேன். ஒரு நாளு முழுசா சொல்லிட்டாங்க. சொல்லிட்டு அப்டியே தரையில உக்காந்து ஒரு அழுகை அழுதாங்க பாரு. உங்கப்பா செத்தன்னிக்குக்கூட அப்டி அழுவல. ஏன்மா இவ்ளோ கஷ்டப்படற, உடுன்னேன். எம்பொண்ணுகிட்ட போவணுமேன்னாங்க."

அன்றிலிருந்து உன் குரல் செய்தியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் தடவை கேட்டபோது அது எனக்கு ஒரு வேடிக்கை. உன் கூச்சம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். நீ எதைக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னாய் என்று பிறகுதான் தெரிந்தது. டூட்டிக்குப் போன மனுஷனை, இனிமேல் வரமாட்டார் என்று நீயே உன் வாயால் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி நின்றிருக்கிறாய். அந்தப் போனை ஒரு வருஷமாகக் கைப்பையில் தூக்கிக்கொண்டு திரிகிறேன். புதுப் போன் வாங்கிய பிறகும் பழையதை விடவில்லை. உன் பேரன், "அந்தச் செய்தியைப் புதுசுலயும் ஏத்திக்கலாம்மா" என்கிறான். எனக்கு உன் குரல் வந்த போன்தான் வேண்டும்.

போன தீபத்துக்கு நான் இங்கே இல்லை. டிவியில் பார்த்தேன். ஜோதி ஏறியதும் என் வாயிலிருந்து "அரோகரா" மட்டும்தான் வந்தது. எனக்கென்ன தடை, அவர் என் அப்பா. இருந்தாலும் முதல் பாதியை உனக்காக விட்டுவிட்டேன்.

இப்போது சாயங்காலமாகிவிட்டது. பாத்திமா அக்கா வீட்டு மாடியில் துணிகள் ஆடுகின்றன. மலை கருத்துக்கொண்டு வருகிறது. நீ நின்ற இடம் இதுதான் என்று அக்கா கைகாட்டினாள். அங்கே நின்று பழைய போனை எடுத்து, காது அடைக்காத பக்கம் வைத்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு உன்னைக் கேட்டேன்.

"கலை, இதப் பாரு, நல்லா கேட்டுக்க. அண்ணா... ஐயோ இருடி, பாதியில நின்னா அண்ணன் ஆயிடறாரு. சிரிக்காத. ம்... அண்ணாமலை. எங்க ஊட்டுக்காரர் பேரு அண்ணாமலை. சொல்லிட்டேன்டி. இப்ப உங்கிட்ட வந்துடலாமில்ல?"

"வாம்மா" என்றேன்.